தனிநாடு கேட்டது அடிமை முறையைக் காக்கவா?

கேள்வி: அமெரிக்காவின் தென்மாநிலங்கள் அடிமை முறையைக் காப்பாற்றத்தான் பிரிந்துபோய்த் தனி அரசு அமைத்தன என்று வாசித்தேன். எங்கள் யாழ்ப்பாணத்திலும் ஒரு காலத்தில் அடிமை முறை சட்டப்படி இருந்தது என்கிறார்கள். அப்படியென்றால் 1844இல் அது ஒழிக்கப்பட்டபோது இங்கே ஏன் ஒரு கலகமும் எழவில்லை? 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாடு கேட்டதும் சாதி மேலாண்மையைக் காக்கத்தான் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். அவர் சொல்வது சரியா?
— ஒரு வாசகர், கரவெட்டி

பதில்:

ஒரு கடிதத்துக்குள் மூன்று கேள்விகளை வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால் பிரித்துப் பதில் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. நல்ல கேள்விகள் இப்படித்தான் வரும். உங்கள் நண்பரின் வாதத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. அவர் சொல்லும் காரணம் பிழை. ஆனால் அவரை அப்படிச் சொல்ல வைக்கும் அனுபவம் உண்மையானது.

முதலில் அமெரிக்காவைப் பார்த்துவிடுவோம். தென்மாநிலங்கள் பிரிந்தது அடிமைகளுக்காக அல்ல, மாநில உரிமைக்காக, இறக்குமதி வரிக்காக என்ற ஒரு கதை அங்கே நூறு ஆண்டுக்கு மேலாக உலவுகிறது. இங்கேயும் அதைத் திருப்பிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பிரிந்தவர்களே எழுதிவைத்த ஆவணங்கள் அந்தக் கதைக்கு இடம் கொடுக்கவில்லை. 1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் தேர்தலில் வென்றார். ஏற்கெனவே அடிமை முறை உள்ள மாநிலங்களில் கை வைப்பேன் என்று அவர் சொல்லவில்லை. மேற்கே புதிதாகக் குடியேறும் பிரதேசங்களுக்கு அது பரவக் கூடாது என்பதுதான் அவர் கட்சியின் நிலைப்பாடு. அந்த அளவே தெற்கைக் கிளப்பிவிடப் போதுமாக இருந்தது. டிசம்பர் 20ஆம் திகதி தென் கரோலைனா பிரிந்தது. நான்கு நாள் கழித்துத் தன் காரணங்களை அது பிரகடனமாக வெளியிட்டது. தப்பி ஓடிவரும் அடிமைகளை வடமாநிலங்கள் பிடித்துத் தருவதில்லை, அடிமை ஒழிப்புச் சங்கங்களைத் தங்கள் மண்ணில் இயங்க விடுகின்றன என்பவைதான் அதில் உள்ள முக்கிய முறைப்பாடுகள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஓடிவந்தவனுக்கு இடம் கொடுத்த வடமாநிலங்கள் தங்கள் மாநில உரிமையைத்தான் பயன்படுத்தின. அந்த உரிமையை எதிர்த்து நின்றதே தெற்குத்தான்.

1861 பெப்ரவரியில் அலபாமாவின் மொன்ட்கொமரி நகரில் புதிய அரசு உருவானது. ஏழு மாநிலங்கள் முதலில் சேர்ந்தன, பிறகு பதினொன்றாயின. மார்ச் 11இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்பு, அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் இயற்றக் கூடாது என்று தன் நாடாளுமன்றத்துக்கே தடை போட்டது. பத்து நாள் கழித்துத் துணை ஜனாதிபதி அலெக்சாந்தர் ஸ்டீபன்ஸ் சவன்னா நகரில் பேசினார். கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர், அடிமை நிலையே அவர்களுக்கு இயல்பு, இந்தக் கொள்கையின் மீதுதான் புதிய அரசு கட்டப்பட்டிருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். வரிக் கதையும் நிற்காது. 1857இல் தீர்வை பல பத்தாண்டுகளில் இல்லாத அளவு குறைக்கப்பட்டிருந்தது. அதை உயர்த்திய சட்டம் 1861 மார்ச்சில், ஏழு மாநிலங்கள் வெளியேறிய பிறகுதான் வந்தது. அப்போது அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். தென் கரோலைனாவில் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அவர்களே. பருத்தி விலையும் அடிமையின் விலையும் சேர்ந்தே ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே நீங்கள் வாசித்தது சரி.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இங்கே இன்னொரு மயக்கத்தை முதலில் களைய வேண்டும். "அடிமை என்று பெரிய வார்த்தை சொல்லாதையுங்கோ, அது வெறும் குடிமைதான்" என்று சொல்லும் பெரியவர்களை நான் நிறையவே சந்தித்திருக்கிறேன். குடிமை என்பது சலவை, சவரம் போன்ற தொழில் செய்பவர்கள் குறிப்பிட்ட குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வேலை செய்து, அறுவடையில் நெல்லும் நல்லநாள் பெருநாளில் வரிசையும் பெறும் ஏற்பாடு. அதிலும் இழிவு உண்டு, கட்டாயம் உண்டு. ஆனால் குடிமைக்காரரை யாரும் விற்க முடியாது. அடிமையை விற்கலாம், ஈடு வைக்கலாம், மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுக்கலாம். வயல், வளவு, பனங்காணி, நகை என்று வரிசையாகப் போகும் சீதன ஓலையில் மனிதர்களும் ஒரு வரியாக நின்றார்கள்.

இது வாய்வழக்கோடு நின்ற சங்கதியும் அல்ல. 1707இல் ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் கேட்டதற்கு இணங்க, யாழ்ப்பாணத்தின் திசாவையாக, அதாவது மாவட்ட நிர்வாகியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள வழக்கங்களைத் திரட்டி எழுதினார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்வையிட்டு ஒப்புதல் கொடுத்தார்கள். அதுதான் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து, சீதனம், முதுசம் பற்றிய வழக்கச் சட்டம். இன்றும் நம் காணி உறுதிகளில் அதன் கை இருக்கிறது. அந்தத் தொகுப்பில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. கோவியர், நளவர், பள்ளர் ஆகியோரை அது பெயர் சொல்லி அடிமைச் சாதிகளாகக் குறிக்கிறது. கோவியர் வீட்டுக்குள் புழங்கி வேலை செய்தார்கள். மற்ற இருவரும் வயலிலும் தோட்டத்திலும் பனையிலும் உழைத்தார்கள். இவர்களைத் தவிர கடல் கடந்து வாங்கி வரப்பட்டவர்களும் இருந்தார்கள். 1690களின் நடுவில் தமிழ்நாட்டுக் கரையில் பஞ்சம் வந்தபோது, இரண்டே ஆண்டுகளில் 3,500க்கு மேற்பட்டவர்கள் அடிமைகளாக யாழ்ப்பாணத்தில் இறக்கப்பட்டார்கள் என்று ஒல்லாந்தத் தளபதி சுவார்டகுரூன் தன் 1697ஆம் ஆண்டுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பசியில் விழுந்த தஞ்சாவூர்த் தமிழனை வாங்கியவன் யாழ்ப்பாணத் தமிழன். வாங்கியவனிடம் வரி அறவிட்டது ஒல்லாந்தக் கும்பனி.

இத்தனை பேரின் உழைப்பு எங்கே போனது என்று கேட்டால், புகையிலை என்ற ஒரு சொல்லில் பெரும்பகுதி அடங்கிவிடும். திருவிதாங்கூருக்குப் போன யாழ்ப்பாணப் புகையிலை அந்நாளில் குடாநாட்டின் பெரிய காசுப் பயிர். அதன் வேலை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆறு இல்லாத மண்ணில் ஒவ்வொரு கன்றுக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டை பிடித்து இறைக்க, வாய்க்காலில் இன்னொருவர் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்ட வேண்டும். எருப் பரப்புவது, கொத்துவது, முளை கிள்ளுவது, பாடம் போடுவது என்று மாதக்கணக்கில் கை ஓயாது. அந்தக் கைகளில் பல கூலி பெறாத கைகள்.

தேசவழமையில் ஒரு விதியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒருவருடைய அடிமை ஆண் இன்னொருவருடைய அடிமைப் பெண்ணை மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் பெண்ணின் உடைமையாளருக்கே சேரும். தாய் யாருடையவளோ பிள்ளையும் அவருடையது. அமெரிக்காவின் வர்ஜீனியாக் குடியேற்றம் 1662இல் இதே விதியைத் தன் சட்டத்தில் எழுதியிருந்தது. இரண்டு ஊர்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் மனிதனைச் சொத்தாக வைத்திருப்பவனுக்கு எங்கேயும் ஒரே கவலைதான்: கன்று யாருக்கு?

இந்த விதி புரிந்தால்தான் ஆங்கிலேயர் பிற்பாடு செய்த ஒரு விநோதமான காரியமும் புரியும். அவர்கள் 1806இல் தேசவழமையைச் சட்டமாக உறுதிப்படுத்தினார்கள். அதோடு அடிமை உரிமையும் சட்டத்தின் நிழலுக்குள் வந்துவிட்டது. 1821இல் இன்னொரு ஒழுங்குவிதி வந்தது. அந்த ஆண்டு ஏப்பிரலுக்குப் பிறகு இந்த மூன்று சாதி அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளின் விடுதலையை அரசே ஒரு சிறு தொகை கொடுத்து உடைமையாளரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் என்றது அது. ஆண் குழந்தைகளை ஏன் விட்டார்கள் என்று கேட்கத் தோன்றும். அடிமை நிலை தாய் வழியே இறங்குகிறது. பெண் குழந்தைகள் எல்லாம் சுதந்திரமாகப் பிறந்துவிட்டால், அடுத்த தலைமுறையில் அடிமையாகப் பிறக்க ஒரு பிள்ளையும் இருக்காது. மரத்தை வெட்டாமல் வேரை வற்றவிடும் கணக்கு அது. பிறந்த குழந்தை ஒன்றை அரசாங்கம் விலை கொடுத்து வாங்கும் காட்சியை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது. ஆனால் அந்த விலையால்தான் அந்தப் பெண்களின் வயிற்றில் பிறந்தவர்கள் யாருக்கும் சொந்தமில்லாதவர்களாகப் பிறந்தார்கள்.

பிறகு 1833இல் பிரித்தானியப் பேரரசின் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது இலங்கை அதிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது. கிழக்கிந்தியக் கும்பனியின் ஆட்சிப் பகுதிகளும் சென் ஹெலெனாத் தீவும்கூட விலக்கப்பட்டன. மேற்கிந்தியத் தீவுகள் முதலிய இடங்களின் அடிமை உடைமையாளர்களுக்கு அப்போது 2 கோடி பவுண் நட்டஈடு ஒதுக்கினார்கள். யாழ்ப்பாணத்தவருக்கு அந்தப் பேச்சே எழவில்லை. 1837இல் அடிமைகளைப் பதிவு செய்யும்படி இங்கே கட்டளைச் சட்டம் வந்தது. கடைசியாக 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், இலங்கையில் அடிமை முறை இனி இல்லை என்று அறிவித்தது. இந்தியாவில் அதற்கு முந்திய ஆண்டுதான் நீதிமன்றங்கள் அடிமை உரிமையை ஏற்கக் கூடாது என்ற சட்டம் வந்திருந்தது.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதி. ஏன் ஒரு கலகமும் இல்லை? யாழ்ப்பாணத்து உடைமையாளர்கள் மனம் இரங்கிவிட்டார்கள் என்று நினைத்தால் அது பிழை. அவர்கள் அமைதியாக இருந்ததற்கு இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தென் கரோலைனாவில் அடிமை வைத்திருந்தவர்களே சட்டசபையில் இருந்தார்கள், ஆளுநராக இருந்தார்கள், படையும் அவர்கள் கையில் இருந்தது. பிரிந்து போவது என்று தீர்மானித்தால் பிரிந்து போகும் ஓர் அரசு அவர்களிடம் தயாராக இருந்தது. யாழ்ப்பாணத்து முதலியாருக்கும் மணியகாரருக்கும் உடையாருக்கும் இருந்த அதிகாரம் கச்சேரியில், அதாவது ஆங்கிலேயரின் மாவட்ட அலுவலகத்தில், இரவல் வாங்கிய அதிகாரம். அதைக் கொண்டு கச்சேரியை எதிர்க்க முடியாது.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். அவர்கள் இழந்தது மிகக் கொஞ்சம். கட்டளைச் சட்டம் மனிதர் மீதான உரிமையை எடுத்தது, காணியைத் தொடவில்லை. விடுதலை பெற்றவரின் குடிசை யாருடைய வளவில் நின்றது? பழைய உடைமையாளரின் வளவில். தண்ணீர் யாருடைய கிணற்றில்? அவருடைய கிணற்றில். சீவிய பனை யாருடைய வேலிக்குள்? அவருடைய வேலிக்குள். காணி விற்கும்போது உரித்தாளருக்கும் பங்காளருக்கும் முதலில் சொல்ல வேண்டும் என்ற முன்வாங்கல் உரிமை வேறு தேசவழமையில் இருந்தது. குடும்பத்துக்கு வெளியே காணி போவதே அரிது, அதிலும் முந்நாள் அடிமையின் கைக்குப் போவது அதனிலும் அரிது. முறைப்பாடு சொல்லப் போனால் விதானையார் பழைய உடைமையாளரின் சொந்தக்காரர். ஆகவே 1845இல் ஒரு நளவர் குடும்பத்தின் நாள் 1843இல் இருந்ததைவிடப் பெரிதாக மாறியிருக்காது. அதே துலா, அதே பனை, அதே படலைக்கு வெளியே நிற்பது. விற்க முடியாது என்பது ஒன்றுதான் மாறியது. அது சின்ன மாற்றம் என்று நான் சொல்ல மாட்டேன், ஒரு தாய்க்கு அதைவிடப் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் உடைமையாளருக்கு அது தனி அரசு அமைக்கும் அளவுக்கான நட்டம் இல்லை. மேலும் அவர்களுடைய பிள்ளைகள் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்து உத்தியோகத்துக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். குடும்பத்தின் வருமானம் தோட்டத்திலிருந்து சம்பளத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

இதே 1833ஆம் ஆண்டுச் சட்டம் தென்னாபிரிக்காவில் என்ன செய்தது என்று பார்த்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும். அங்கே கேப் குடியேற்றத்தில் ஒல்லாந்த வழிவந்த போயர்கள் பண்ணையும் அடிமையும் வைத்திருந்தார்கள். அடிமைகள் விடுவிக்கப்பட்டதும், நட்டஈட்டை இலண்டனில் போய் வாங்கும்படி சொன்னதும் அவர்களை ஆத்திரப்படுத்தின. 1835 முதல் ஆயிரக்கணக்கானோர் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஆங்கிலேயர் எல்லைக்கு அப்பால் போனார்கள். 1839இல் நட்டாலியா என்று ஒரு குடியரசையே அமைத்தார்கள். அடிமை விடுதலை மட்டுமே அதற்குக் காரணம் அல்ல, காணிப் பசியும் எல்லைச் சண்டைகளும் சேர்ந்திருந்தன. ஆனால் போவதற்கு வெளி இருந்தது, கையில் துவக்கு இருந்தது. குடாநாட்டின் மூன்று பக்கமும் கடல். அதைவிட முக்கியமாக, எழுந்து போக வேண்டிய தேவையே யாழ்ப்பாணத்தாருக்கு வரவில்லை.

அந்த அமைதியான ஒழிப்புக்கான விலையை அடுத்த நூற்றிருபது ஆண்டுகள் கொடுத்தவர்கள் விடுதலை பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள். பள்ளியில் தரையில் இருத்தப்பட்டார்கள். சம ஆசனம் வேண்டும் என்று 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் போராட வேண்டியிருந்தது. பொதுக் கிணறு இல்லை. கோயில் வாசல் இல்லை. தேத்தண்ணிக் கடையில் மற்றவர்களுக்கு மூக்குப்பேணி, இவர்களுக்கு வெளியே நின்று போத்தலிலோ சிரட்டையிலோ குடிக்கும் கதி. எல்லாருக்கும் வாக்குரிமை என்ற பேச்சு 1920களின் கடைசியில் வந்தபோது அதை எதிர்த்தவர்களில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஒருவர். 1940களில் இலங்கையின் புதிய அரசியலமைப்பைப் பற்றி விசாரிக்க சோல்பரி ஆணைக்குழு வந்தபோது, ஒடுக்கப்பட்ட சாதியினரின் அமைப்பான சிறுபான்மைத் தமிழர் மகாசபை தனியாகப் போய்ச் சாட்சியம் சொன்னது. தமிழருக்கென்று கேட்கப்படும் அதிகாரம் எங்களுக்கு வந்து சேருமா என்பதே அவர்களின் பயம். உங்கள் நண்பரின் வாதம் அந்தப் பயத்தின் வழியாக வருவது. அதனால்தான் அதை லேசாகத் தள்ளக் கூடாது என்றேன்.

1957இல் நாடாளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தை இயற்றியது. சட்டம் வந்தும் வாசல் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது, பொலிஸார் அடித்தார்கள். அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் பிறந்தது. எழுத்தாளர் கே. டானியல் அதில் முன்னின்றவர்களில் ஒருவர். தேத்தண்ணிக் கடைகள் ஒவ்வொன்றாக எல்லாருக்கும் திறந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகும் உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் நடந்தது.

அந்த வாசலை மறித்து நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியராக இருந்தவர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர், வவுனியாவின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். தமிழருக்குத் தனி அரசு வேண்டும் என்று மிக முந்தியே வெளிப்படையாகக் கேட்ட தலைவர்களிலும் அவர் ஒருவர். மாவிட்டபுரம் விவகாரத்தில் அவர்மீது தொடரப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. தனிநாடு கேட்ட வாயும் கோயில் கதவை மறித்த கையும் ஒரே மனிதருடையவை. உங்கள் நண்பருக்குக் கிடைக்கக்கூடிய மிக வலுவான சான்று இதுதான். அவர் இதைச் சொன்னாரா என்று தெரியவில்லை, சொல்லாவிட்டால் நீங்கள் எடுத்துக் கொடுங்கள்.

ஆனால் அதற்கு அடுத்த ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் அதே சான்று எதிர்ப்பக்கம் திரும்புகிறது. சாதி ஒழுங்கு குடாநாட்டில் மிக அதிகமாக ஆட்டம் கண்ட காலம் 1966 முதல் 1969 வரை. சாதியைக் காக்கத்தான் தனிநாடு என்றால், அந்தச் சூட்டோடு வந்த 1970ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தனிநாட்டுக்காரர்கள் அள்ளியிருக்க வேண்டும். நடந்தது என்ன? சுந்தரலிங்கம் காங்கேசன்துறையில் தோற்றார். மாவிட்டபுரம் அந்தத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. ஊர்காவற்றுறையில் இன்னொரு தனிநாட்டுக்காரரான வி. நவரத்தினமும் தோற்றார். நாட்டைப் பிரிக்கக் கேட்பவர்களுக்கு வாக்களிக்காதீர்கள் என்று தமிழரசுக் கட்சியே தன் விஞ்ஞாபனத்தில் கேட்டுக்கொண்டது. யாழ்ப்பாணத்து வாக்காளர் அப்போது சமஷ்டி கேட்ட கட்சியோடுதான் நின்றார். சமஷ்டி என்றால் ஒரே நாட்டுக்குள் பிராந்தியங்கள் அதிகாரத்தைப் பகிரும் ஆட்சி.

ஏழே ஆண்டில், 1977 ஜூலையில், தமிழர் விடுதலைக் கூட்டணி தனிநாட்டை முன்வைத்து 18 ஆசனங்களை வென்றது. இடையில் மாறியது எது? கோயில் வாசல்கள் அல்ல. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது, அதாவது தமிழ் மாணவர் அதே இடத்துக்குக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டிய நிலை. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்து பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, சிங்களம் மட்டுமே அரச மொழி என்பதை உறுதி செய்தது, சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக சோல்பரி யாப்பில் இருந்த பிரிவை விட்டுவிட்டது. அதற்குப் பின்னால் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1956இன் தனிச் சிங்களச் சட்டம், 1957இலும் 1965இலும் கைச்சாத்தாகிக் கைவிடப்பட்ட இரண்டு ஒப்பந்தங்கள், 1958இன் கலவரம் ஆகியவை வரிசையாக நின்றன. தனிநாட்டுக் கோரிக்கை இவற்றிலிருந்து முளைத்தது. 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில், தமிழரசுக் கட்சியின் நிறுவனர் செல்வநாயகம் தலைமையில் நிறைவேறிய தீர்மானம் தன் காரணங்களாகச் சொல்வதும் இவற்றைத்தான்.

மொன்ட்கொமரியின் அரசியலமைப்பையும் பண்ணாகத்தின் தீர்மானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னது அடிமைச் சொத்தை எவரும் தொட முடியாதபடி பூட்டுகிறது. பின்னது, அமையப்போகும் அரசில் சாதி ஒழிக்கப்படும், தீண்டாமையும் பிறப்பால் வரும் எந்த ஏற்றத்தாழ்வும் சட்டத்தால் தண்டிக்கப்படும் என்று சொல்கிறது. ஒன்று காக்கப் பிரிந்தது, மற்றது கைவிடுவதாக வாக்குக் கொடுத்தது. உங்கள் நண்பரின் ஒப்புமை இந்த இடத்தில் முறிந்துபோகிறது.

அதற்காக அந்த வாக்குறுதியை அப்படியே நம்பிவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அது ஏன் தீர்மானத்தில் எழுதப்பட வேண்டியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். தமிழர் எல்லாரும் ஒரே மக்கள் என்று உலகத்துக்குச் சொல்லப் போகிறவர்கள், மாவிட்டபுரத்து வாசல் மறியல் நடந்து எட்டே ஆண்டில் அதைச் சொல்கிறார்கள். பிறந்த சாதியால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் "உங்கள் நாட்டில் எங்களுக்கு எந்த இடம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இடதுசாரிகளோடு நின்றார்கள். மகாசபைத் தலைவர் எம்.சி. சுப்பிரமணியம் 1970இல் தமிழ்க் கட்சிகளின் வழியாக அல்ல, கொழும்பு அரசின் நியமன உறுப்பினராகத்தான் நாடாளுமன்றத்துக்குப் போனார். ஆகவே என் தீர்ப்பு இது: யாழ்ப்பாணத்து அடிமை முறை தனிநாட்டுக் கோரிக்கையை உருவாக்கவில்லை. அது விட்டுச்சென்ற அவநம்பிக்கையோடுதான் அந்தக் கோரிக்கை தன் மக்களிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. அந்த அவநம்பிக்கை நியாயமானது.

காணிக் கணக்கும் இன்னும் தீரவில்லை. 1990இல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் காணியும் வசதியும் உள்ளவர்கள் காலப்போக்கில் வேறிடம் போய்விட்டார்கள். மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் தங்க நேர்ந்தவர்களில் பலர் சொந்தமாக ஒரு பரப்புக் காணியும் இல்லாதவர்கள். அவர்களின் சாதியைக் கேட்டால், 1844இல் யாருக்குக் காணி கிடைக்கவில்லையோ அவர்களின் வழிவந்தவர்களே அதிகம்.

உங்களிடமும் இதை வாசிக்கும் மற்றவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். குடாநாட்டின் பழைய வீடுகளில், தகரப் பெட்டிக்குள்ளும் பெட்டகத்துக்குள்ளும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீதன ஓலைகளும் உறுதிகளும் இன்னும் இருக்கக்கூடும். அவற்றில் மனிதர் கைமாறிய வரி ஒன்றைக் கண்டால், குடும்பத்துக்கு வெட்கம் என்று எரித்துவிடாதீர்கள். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது ஓலைச்சுவடிகளும் சேர்ந்து எரிந்தன. மிஞ்சியிருப்பவற்றில் பல வீடுகளில்தான் இருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ நூலகம் நிறுவனத்துக்கோ ஒரு படியாவது கொடுங்கள். அந்த ஓலைகளில் விற்றவரின் பெயரும் வாங்கியவரின் பெயரும் நமக்கு ஏற்கெனவே தெரிந்த குடும்பங்களாக இருக்கும். விற்கப்பட்டவரின் பெயர் பெரும்பாலும் அங்கே மட்டும்தான் இருக்கும்.